ஹமார்ட்டியா: குணக்கேடு அல்ல, பிழை

ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியவர் 'ஈடிபஸின் குணக்கேடு' என்று ஐந்தாறு முறை சொல்லிவிட்டார். அவர் சொல்ல வந்தது ஹமார்ட்டியாவை, அதாவது துன்பியல் நாடகத்தின் நாயகன் எதனால் வீழ்கிறான் என்பதற்குக் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் சொன்ன சொல்லை. கல்லூரி நோட்ஸிலும் இதே கதைதான்.

சொல்லின் வரலாறு சுருக்கமாக: அதன் கிரேக்க வினைக்குக் குறி தவறுதல் என்று பொருள். ஹோமரின் போர்க்காவியமான இலியத்தில் எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போனால் அந்த வினைதான் வரும். பிற்பாடு புதிய ஏற்பாட்டில் அதுவே 'பாவம்' ஆனது. நாடகத்துக்கும் பாவம் என்றே எழுதுகிறவர்கள் உண்டு, அவர்களை விட்டுவிடலாம்.

குணக்கேட்டை அப்படி விட முடியவில்லை, நானும் அதை நம்பினவன். ஈடிபஸ் மன்னனைப் பற்றிய சோஃபகிளீஸின் கிரேக்க நாடகம் முதல் இருபது பக்கம் சவ்வாக இழுத்தது. கொள்ளைநோய், குழுப்பாட்டு, மறுபடி குழுப்பாட்டு. பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸிடம் ஈடிபஸ் கத்தும்போது 'இவனுக்கு வேண்டும்' என்றே தோன்றியது. அப்புறம் அவன் மனைவி யொகாஸ்தா, அவனைத் தேற்றுவதாக நினைத்து, முதல் கணவன் லாயஸ் ஒரு முச்சந்தியில் கொல்லப்பட்டதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள். அப்படியொரு முச்சந்தியில் ஈடிபஸும் ஒரு கிழவரைக் கொன்றிருக்கிறான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில், ஈடிபஸின் பிறப்பு ரகசியம் அறிந்த கிழ இடையன், சொல்லக்கூடாததைச் சொல்லப்போகிறேனே என்று நடுங்குகிறான். கேட்கக்கூடாததைத்தான் நானும் கேட்கப்போகிறேன், ஆனாலும் கேட்டாக வேண்டும் என்கிறான் ஈடிபஸ். அதற்குமேல் அவனை வெறுக்க என்னால் ஆகவில்லை.

கோபக்காரன்தான், சரி. தேரில் வந்த கிழவர் தாற்றுக்கோலால் தலையில் அடித்தார், திருப்பி அடித்தான். அது கோபம். அடித்த அந்த லாயஸ் தன்னைப் பெற்றவர் என்று அறியாமல் போனது பிழை. நாடகம் இரண்டாவதன்மேல்தான் நிற்கிறது.

அரிஸ்டாட்டில் கவிதையியல் 13ஆம் அத்தியாயத்தில் இதைத்தான் சொல்கிறார்: தீய குணத்தால் அல்ல, ஹமார்ட்டியாவால் வீழ்பவனே துன்பியல் நாடகத்துக்கு ஏற்றவன். அவர் காட்டும் முதல் உதாரணமே ஈடிபஸ். தீய குணத்தை விலக்கிவிட்டுச் சொன்ன சொல்லுக்கே குணக்கேடு என்று பெயர் வைப்பது என்ன மொழிபெயர்ப்பு? ஆங்கிலக்காரர்கள் 'குறை' என்றார்கள். நம்மவர்கள் மூலத்தைப் புரட்டாமல் அந்தக் குறையைக் கேடாகவும் வளர்த்துவிட்டார்கள்.

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? 'யானை பிழைத்தவேல்' என்கிறது குறள் (772). யானைமேல் எறிந்து குறி தவறிய வேல். இலியத்தின் ஈட்டியும் அப்படித்தான் தவறியது. சிலம்பில் பாண்டியன் சாகுமுன் 'என்முதற் பிழைத்தது, கெடுகவென் ஆயுள்' என்கிறான். அவனும் கெட்டவன் இல்லை, ஆராயாமல் ஆணையிட்டவன். 'தேரா மன்னா' என்று கண்ணகி சொன்னதும் அதைத்தான்.

பிழை என்றால் அச்சுப்பிழை மாதிரி சின்னதாகத் தொனிக்கிறதே என்றார் நண்பர். பாண்டியனுக்கு அது சின்னதாகவா இருந்தது? அரிஸ்டாட்டிலே 'பெரிய' என்று அடைமொழி போடுகிறார். வேண்டுமானால் பெரும்பிழை என்று எழுதுங்கள். தவறு என்றாலும் எனக்குச் சண்டையில்லை, பஸ்ஸைத் தவறவிடுகிறோம் இல்லையா, அந்தத் தவறு. குணக்கேடு மட்டும் வேண்டாம்.