தாச்சி எண்ணெயில் அறுகோணங்கள்

மேற்காவுகையை, அதாவது திரவமோ காற்றோ சூட்டால் சுழன்று வெப்பத்தைக் காவிச் செல்வதை, கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அடி தட்டையான தாச்சி, தேங்காய் எண்ணெய், கொஞ்சம் கறுவாத்தூள் போதும். மட்டக்களப்பில் குசினியைத் தாண்டிப் போகத் தேவையில்லை. மஞ்சள்தூள் சரிவராது, எண்ணெயில் நிறத்தை விட்டு எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும்.

எண்ணெயை இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் ஊற்றி, தூளைக் கலந்து, மிகக் குறைந்த நெருப்பில் வையுங்கள். புகைய விடாதீர்கள், பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் தூள் மெல்ல நகர்ந்து கோடுகளாகும், கோடுகள் சேர்ந்து கோணல்மாணலான அறைகளாகும். சில அறைகள் அறுகோணமாகவே அமையும். ஒவ்வொன்றின் நடுவிலும் சூடான எண்ணெய் மேலே வந்து, ஓரத்தை நோக்கிப் பரவி, அங்கே இறங்குகிறது. மிதக்கும் தூள் கூடவே இறங்க முடியாமல் ஓரத்தில் தேங்குவதால்தான் கோடு தெரிகிறது. அடியில் படிந்த தூளோ நடுப்பக்கம் ஒதுங்கும். எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அறைகளும் அகலமாகும்.

இதை 1900இல் பிரான்ஸின் ஹென்றி பெனார் மெல்லிய திரவப் படலங்களில் முறையாக ஆராய்ந்தார். 1916இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு கணக்குப் போட்டு விளக்கினார்: சூடான திரவம் அடர்த்தி குறைந்து எழப் பார்க்கும், ஓட்டத்தை எதிர்க்கும் அதன் பிசுக்குமை தடுக்கும், வெப்பமும் சுற்றிலும் கசிந்துவிடும். எழவைக்கும் அந்த மிதப்பு இந்த இரண்டையும் வென்றால்தான் சுழற்சி தொடங்கும்.

அருமையான கணக்கு, ஆனால் பெனாரின் படலத்துக்குப் பொருந்தவில்லை. அவ்வளவு மெல்லிய படலத்தில் மிதப்புக்குப் பெரிய வலு கிடையாது. 1950களில்தான் உண்மையான காரணம் தெளிவானது: பரப்பிழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பைத் தோல்போல இறுக்கிப் பிடிக்கும் இழுவை. சூடான நடுவில் அது குறைவு, ஆறிய ஓரத்தில் கூட. அதனால் மேற்பரப்பு எண்ணெயை ஓரம் தன் பக்கம் இழுக்கிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து சூடான எண்ணெய் வருகிறது. அறையின் நடு இலேசாகக் குழிந்திருப்பதைப் பெனாரே கண்டிருந்தார். மிதப்பு தள்ளியிருந்தால் அது மேடாக அல்லவா இருக்க வேண்டும்!

ரேலியின் மிதப்பைப் பார்க்க ஆழமான பாத்திரம் வேண்டும், அல்லது வளிமண்டலம். பகலில் கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாகும். தரைக்கு மேலுள்ள காற்று எழ, மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் கடற்காற்று உள்ளே வரும். கிழக்குக் கரையில் வீசும் சூடான கச்சான் காற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது மேற்கே மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, மலையிலிருந்து இறங்கும்போது அமுங்கிச் சூடாகி வருவது.