பூனையின் ரத்தப்புற்று நமக்கு ஏன் தொற்றுவதில்லை?

குளச்சலிலும் முட்டத்திலும் மீன் இறங்கும் இடங்களில் பூனைகளுக்குப் பஞ்சமே இல்லை. சாளையைக் கூடையில் கொட்டும்போது காலைச் சுற்றி நிற்கும். வீட்டு அடுக்களை வரை வரும். பிள்ளைகளின் கையை நக்கும், கோபம் வந்தால் பிறாண்டும். இந்தப் பூனை இனத்துக்கென்றே ஒரு வைரஸ் உண்டு. 1964-ல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர் கண்டுபிடித்த பூனை ரத்தப்புற்று வைரஸ் அது. பாதிக்கப்பட்ட பூனையின் எச்சிலில் ஏராளமாக வெளியேறும். நக்குவதாலும் கடிப்பதாலும் அடுத்த பூனைக்குப் போகும். ஆனால் அதனால் மனிதருக்கு ரத்தப்புற்று வந்ததற்கு இதுவரை சான்று இல்லை. எத்தனை தலைமுறையாகப் பூனையும் நாமும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறோம் என்று நினைத்தால் இது சின்ன விஷயமல்ல.

காரணங்கள் பல. வைரஸ் பற்றிக்கொள்ளும் பிடி நம் செல்லில் சரியாக அமையாமல் போகலாம். உள்ளே நுழைந்தாலும் அதன் மரபுப்பொருளைச் சிதைக்கும் நொதிகள் நம் செல்லுக்குள் இருக்கின்றன. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, ரத்தத்தைத் தொட்டவுடன் வைரஸை உடைக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. காம்ப்ளிமென்ட் என்று பெயர். அதிகம் பேசப்படாத இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

எங்கள் குமரி மாவட்டத்தில் கேன்சர் பேச்சு வந்தால் உடனே வருவது கதிர்வீச்சுள்ள மணவாளக்குறிச்சி மணல். அப்புறம் வாழைக்கு அடிக்கும் மருந்து, வெற்றிலையோடு போடும் புகையிலை. "ஆளைத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குக் கொண்டு போயிருக்கு" என்று, அதாவது அங்கிருக்கும் புற்றுநோய் மையத்துக்கு, கேள்விப்பட்ட வீடுகளில் இந்த மூன்றையும் பற்றிப் பேசுவார்கள். வைரஸ் என்ற சொல் மட்டும் வராது. ஆனால் 2018-ம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் புதிதாக வந்த புற்றுநோய்களில் ஏறத்தாழ 13 விழுக்காடு ஏதோ ஒரு தொற்றின் விளைவு. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் பங்கு போக, மீதியில் பெரும்பகுதி வைரஸ்களுடையது: கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி, கல்லீரல் புற்றுக்கு வழிவிடும் ஹெப்படைட்டிஸ் பி, சி, இன்னும் சில.

சரி, காம்ப்ளிமென்ட் எப்படி வேலை செய்கிறது? ரத்தத்தில் அணுக்கள் போக எஞ்சும் தெளிந்த திரவத்திலும் செல்களின் மேற்பரப்பிலுமாக முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த குழு இது. திரவத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. குழுவின் நடுநாயகம் சி3. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களின் லேப் ரிப்போர்ட்டில் சி3, சி4 என்று இரண்டு வரிகள் இருக்கும். அவை இந்தப் புரதங்களின் அளவுகள்தாம். சி3 பொதுவாக 100 மில்லி சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) 90 முதல் 180 மில்லிகிராம் வரை இருக்கும். பாதுகாப்புப் புரதம் ஒன்றுக்கு இது மிகப் பெரிய அளவு.

சும்மா ஓடிக்கொண்டிருக்கும் சி3 யாரையும் எதுவும் செய்யாது. அது இரண்டாக வெட்டுப்படும்போதுதான் கதை மாறுகிறது. வெட்டுப்பட்ட பெரிய துண்டு சி3பி. அதன் உள்ளே மடிந்து மறைந்திருந்த ஒரு வேதிப் பிணைப்பு வெளியே வந்து, பக்கத்தில் எந்தப் பரப்பு இருக்கிறதோ அதில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சி3பி, வேறு சில புரதங்களைச் சேர்த்துக்கொண்டு, மேலும் சி3-களை வெட்டும் கத்தரியாக மாறுகிறது. ஒன்று பலவாகி, பல ஆயிரமாகிறது. சிரட்டையில் வடிந்த ரப்பர் பால் நீராகக் கிடக்கிறது. கொஞ்சம் ஆசிட் சேர்ந்ததும் மொத்தமும் உறைந்து ஷீட்டாகிறதல்லவா, அதுபோல ஒரு சின்ன தூண்டுதல் போதும். ஆனால் ரப்பர் பாலில் உறைதல் பாத்திரம் முழுக்கப் பரவும். இங்கே அப்படி நடந்தால் ஆளே பிழைக்க முடியாது. வெட்டுப்பட்ட சி3பி-க்கு ஒட்டும் திறன் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட இருப்பதில்லை. அதற்குள் பரப்பு கிடைக்காவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து ஓய்ந்துவிடும். அதனால்தான் தாக்குதல் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை.

இந்தச் சங்கிலி தொடங்க மூன்று வழிகள் உண்டு. கிருமியை அடையாளம் கண்டு ஒட்டும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் போய் ஒட்டிய இடத்தை சி1க்யூ என்ற புரதம் கண்டு தொடங்குவது ஒன்று. கிருமியின் மேலிருக்கும் அந்நியச் சர்க்கரைகளைக் கண்டு தொடங்குவது இன்னொன்று. மூன்றாவது, சி3 எப்போதும் சிறிதளவு தானாகவே விழித்துக்கொண்டே இருப்பது. எந்த வழியில் போனாலும் முடிவு ஒன்றுதான். சி5-லிருந்து சி9 வரையிலான புரதங்கள் ஒன்றின்மேல் ஒன்று கூடி, எதிரியின் கொழுப்புச் சவ்வில் வளையமாக ஒரு துளை போடும். துளையின் உள்விட்டம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். பாக்டீரியாவானாலும் உறை போர்த்திய வைரஸானாலும், இப்படித் துளை விழுந்தால் உள்ளடக்கம் வெளியே கசிந்துவிடும்.

அப்படியானால் நம் சொந்த செல்கள் எப்படித் தப்பிக்கின்றன? சி3பி பரப்பைப் பார்த்து ஒட்டுவதில்லை. நம் செல் மேலும் விழத்தான் செய்கிறது. ஆனால் நம் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் காவல் புரதங்கள் இருக்கின்றன. சிடி46 அந்த சி3பி-யை வெட்டிச் செயலிழக்கச் செய்ய உதவும். சிடி55 கத்தரியையே பிரித்துப்போடும். சிடி59 கடைசிக் கட்டத்தில் துளை அமையவிடாமல் தடுக்கும். காவல் புரதம் உள்ள பரப்பு பிழைக்கும், இல்லாத பரப்பு அழியும். புற்று வைரஸ்களின் கதையில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தில்தான் சுற்றுகிறது.

1975-ல் கலிபோர்னியாவில் ரேமண்ட் வெல்ஷ், மைக்கேல் ஓல்ட்ஸ்டோன் உள்ளிட்ட குழுவினர் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். விலங்குகளில் ரத்தப்புற்று உண்டாக்கும் ரெட்ரோ வைரஸ்களை (பூனை ரத்தப்புற்று வைரஸும் இந்த வகைதான்) எடுத்து, மனிதரின் புதிய சீரத்தோடு கலந்தார்கள். இந்த வைரஸ்களின் உறைக்குள் ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி பத்திரமாக இருக்கும். உறை கிழிந்தால்தான் அது வெளியே வரும். ஆகவே வெளியே எவ்வளவு நொதி கசிந்திருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு வைரஸ் உடைந்தது என்று தெரிந்துவிடும். மனித சீரம் சேர்த்ததும் நொதி கொட்டியது. அதே சீரத்தை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சேர்த்தால் கசிவே இல்லை. அந்தச் சூட்டில் காம்ப்ளிமென்ட் மட்டும் கெடும், ஆன்டிபாடி கெடாது. 1890-களில் ஜூல் போர்தே கண்டறிந்த இந்தப் பண்பு இன்றைக்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது.

ஆன்டிபாடி இல்லாமலே, வைரஸின் உறையிலுள்ள ஒரு புரதத்தை சி1க்யூ நேரடியாகப் பற்றிக்கொள்கிறது என்றுதான் முதலில் விளக்கினார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை 1990-களில்தான் வெளிவந்தது. ஜீன் சிகிச்சைக்காக எலி செல்களில் வளர்த்த ரெட்ரோ வைரஸ்கள் மனித சீரத்தில் அழிந்துகொண்டே இருந்தன. மனித செல்களில் வளர்த்தவற்றில் பல தப்பின. வைரஸ் அதேதான், வளர்ந்த வீடுதான் வேறு. உறையுள்ள வைரஸ் செல்லை விட்டு வெளியேறும்போது அந்தச் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வருகிறது. எலி, பூனை, மாடு, பன்றி போன்ற பாலூட்டிகளின் செல் மேல் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை அமைப்பு உண்டு. நமக்கு இல்லை. மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் அதைச் செய்யும் ஜீனை 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இழந்துவிட்டோம்.

இழந்ததால் ஒரு லாபம் வந்தது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலும் இதையொத்த சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றுக்கு எதிராக நம் உடல் வாழ்நாள் முழுக்க ஆன்டிபாடி செய்துகொண்டே இருக்கிறது. ரத்தத்தில் சுற்றும் ஐஜிஜி வகை ஆன்டிபாடியில் ஏறத்தாழ 1 விழுக்காடு இதற்கு மட்டும். ஆக, பூனையிலிருந்து கிளம்பும் வைரஸ் நம் ரத்தத்தைத் தொடும்போது அதற்கான ஆன்டிபாடி ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அது ஒட்ட, சி1க்யூ வர, துளை விழ, வைரஸ் முடிந்தது. 1996-ல் லண்டனில் ராபின் வைஸ் குழுவினர் இதைத் தலைகீழாகவும் செய்து காட்டினார்கள்: அந்தச் சர்க்கரையைச் செய்யும் ஜீனை மனித செல்லுக்குள் வைத்தபோது, அந்தச் செல்லும் அதிலிருந்து வந்த வைரஸும் மனித சீரத்தில் அழியத் தொடங்கின. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரே ஒரு சர்க்கரைதான் வித்தியாசம்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒருவருக்குப் பன்றி இதயம் பொருத்தியபோதும் இதே கணக்குதான். அந்தப் பன்றியில் ஆல்ஃபா-கேல் செய்யும் ஜீனை நீக்கி, மனிதரின் சிடி46, சிடி55 இரண்டையும் சேர்த்திருந்தார்கள். இல்லாவிட்டால் அந்த இதயத்தைக் காம்ப்ளிமென்ட் சில மணி நேரத்தில் நாசமாக்கியிருக்கும். இதில் ஒரு கவலையும் உண்டு. அப்படிப்பட்ட பன்றி உறுப்பிலிருந்து ஏதாவது வைரஸ் வெளியே வந்தால் அதன் உறையிலும் அந்தச் சர்க்கரை இருக்காது. காம்ப்ளிமென்ட் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆய்வாளர்கள் பன்றி ரெட்ரோ வைரஸ்களை இவ்வளவு கவனமாகத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது கதையின் மறுபக்கம். மனிதருக்கு ரத்தப்புற்று உண்டாக்கும் ரெட்ரோ வைரஸ் ஒன்று உண்டு: எச்டிஎல்வி-1. அமெரிக்காவில் ராபர்ட் காலோ குழு 1980-ல் வெளியிட்டது. தென்மேற்கு ஜப்பானிலும் கரீபியன் தீவுகளிலும் அதிகம். இதன் மூதாதை குரங்குகளிலுள்ள வைரஸ். பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டங்களில் இறங்கும் நாட்டுக் குரங்கு உட்பட ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகள் எவற்றின் செல்லிலும் ஆல்ஃபா-கேல் கிடையாது என்று பார்த்தோம். குரங்கிலிருந்து மனிதருக்கு வந்த வைரஸுக்கு அந்த முதல் தடை இருக்கவே இல்லை என்று ஊகிக்கலாம். எச்ஐவி-யும் குரங்கினங்களிலிருந்து வந்ததே. 1984-ல் ஜப்பானியக் குழு ஒன்று, எச்டிஎல்வி-1 மனித சீரத்தில் உடைவதில்லை என்று காட்டியது. 1995-ல் காரணத்தின் ஒரு பகுதி தெரிந்தது: அந்த வைரஸ் வெளியேறும்போது நம் செல்லின் சிடி55, சிடி59 புரதங்களையும் தன் உறையோடு எடுத்துக்கொண்டு போகிறது.

கபோசி சார்கோமா என்ற புற்றுக்குக் காரணமான ஹெர்பிஸ் வகை வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நம் காவல் புரதத்தைப் போலவே ஒன்றைச் சொந்த ஜீனிலிருந்தே செய்துகொள்கிறது. புணே தேசிய செல் அறிவியல் மையத்தில் அரவிந்த் சாஹுவின் குழு 2003-ல் அதை ஆராய்ந்து கபோசிகா என்று பெயர் வைத்தது. சி3பி-யை வெட்ட உதவுவது, கத்தரியைப் பிரிப்பது என்ற இரண்டு வேலையையும் அது ஒன்றே செய்யும்.

எப்ஸ்டீன்-பார் வைரஸின் உத்தி எனக்கு எல்லாவற்றிலும் திகைப்பூட்டுவது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தத் தொற்று வந்து உடலிலேயே தங்கியிருக்கும். மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, மூக்குத்தொண்டைப் புற்று என்று போகும். ஆன்டிபாடி செய்யும் பி செல்களின் மேல் சிஆர்2 என்ற ஏற்பி இருக்கிறது. கிருமியின் மேல் ஒட்டிய சி3 சிதைந்து மிஞ்சும் சி3டி என்ற துண்டைப் பிடித்துப் பார்ப்பது அதன் வேலை. சி3டி ஒட்டிய அந்நியப் பொருளைக் கண்டால் பி செல் ஆயிரம் மடங்கு எளிதாக விழித்துக்கொள்ளும் என்று எலிகளில் 1996-ல் காட்டினார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தன் மேலுள்ள ஜிபி350 என்ற புரதத்தால் பற்றிக்கொள்வது இந்த சிஆர்2-வைத்தான். காம்ப்ளிமென்ட் தகவல் சொல்ல வைத்திருக்கும் இடமே அதற்கு நுழைவாசல்.

எச்பிவி-க்கு இந்த வித்தையெல்லாம் தேவையில்லை. அதற்குக் கொழுப்புறையே கிடையாது, துளை போட இடமில்லை. ரத்தத்துக்கும் வராமல் மேல்தோல் அடுக்கிலேயே குடியிருக்கும். அதனிடம் காம்ப்ளிமென்ட்டை நம்பிப் பயனில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசியை உரிய வயதில் போட்டுவிட வேண்டும் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். தடுப்பூசியால் உருவாகும் ஆன்டிபாடி, வைரஸ் செல்லைப் பற்றுவதற்கு முன்பே அதை வழிமறிக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி-க்கும் அப்படியே. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே முதல் ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

எச்டிஎல்வி-1, கபோசி சார்கோமா வைரஸ், எப்ஸ்டீன்-பார் மூன்றுக்கும் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. எப்ஸ்டீன்-பாருக்கான ஒரு புதிய முயற்சி 2022-ல் மனிதர்களிடம் சோதனை என்ற கட்டத்துக்கு வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி, ஃபெரிட்டின் என்ற புரத உருண்டையின் மேல் ஜிபி350-ஐப் பதித்துச் செய்தது. சிஆர்2-வைப் பிடிக்கும் அந்தப் பகுதியை ஆன்டிபாடி முதலிலேயே மூடிவிட்டால், பி செல்லுக்குள் நுழையும் வழி அடைபடும் என்பது எதிர்பார்ப்பு.