ஊசி போட்டால் சரியாகிவிடுமா, டாக்டர்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் கால்நடை மருத்துவம் பார்க்கிறவளிடம் நாயும் பூனையும் மட்டும் வருவதில்லை. செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து ஆடு வரும், தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளிலிருந்து கம்பத்துக் கோழி வரும். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையைப் பற்றிய கேள்வியும் கூடவே வரும். "நீங்களும் டாக்டர்தானே, சொல்லுங்க" என்பார்கள். இத்தனைக்கும் எங்கள் ஊரில் எதிர்பார்க்கப்படுகிற வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: ஆன்டிபயாடிக் ஊசி.

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் ஏன் செய்யாது என்று சொல்லாமல் அனுப்பினால், அவர்கள் நேராக அடுத்த கிளினிக்குக்குப் போவார்கள். அதனால் கொஞ்சம் உட்கார வைத்தே பேசுகிறேன்.

பாக்டீரியா ஒரு முழு உயிர். தானே தின்னும், தானே பெருகும், அதற்கென்று சுவரும் உள் இயந்திரங்களும் உண்டு. ஆன்டிபயாடிக் அந்தச் சுவரையோ இயந்திரத்தையோதான் உடைக்கிறது. வைரஸிடம் உடைப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு துண்டு மரபுக்குறிப்பு, அதைச் சுற்றி ஒரு புரதக்கூடு, சில வகைகளுக்கு அதன்மேல் ஒரு கொழுப்பு உறை. அவ்வளவுதான். செம்பனை ஆலையின் ஆபீசுக்குள் யாரோ ஒரு போலி ஆர்டர் சீட்டை நுழைத்துவிட, ஆட்களும் இயந்திரமும் எண்ணெய் பிழிவதை விட்டுவிட்டு அந்தச் சீட்டையே ஆயிரக்கணக்கில் அச்சடித்துத் தள்ளினால் எப்படியிருக்கும்? நம் செல்லுக்குள் நடப்பது அதுதான். ஓடுவது நம்முடைய இயந்திரம். அதை நிறுத்தப் போனால் நம்மையே நிறுத்த வேண்டியிருக்கும். வைரஸ் மருந்துகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லா வைரஸும் எல்லா செல்லுக்குள்ளும் போக முடியாது. செல்லின் மேல்புறத்தில் தனக்குப் பொருந்துகிற புரதம் இருந்தால்தான் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். எந்தப் பிராணிக்கு நோய் வரும், உடம்பில் எந்த இடத்தில் வரும் என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது. எந்த வழியாக நுழைகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்துவிட்டால், எங்கே மறிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

நான் அடிக்கடி பார்க்கும் வைரஸ் பார்வோ. நாய்க்குட்டிகளின் எமன். போன மழைக்காலத்தில் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டியும் பேரனும் துண்டில் சுற்றி ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். மேசையில் வைத்ததும் தலையைக் கூடத் தூக்கவில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிக் கிடக்கிறது. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது. உடம்பில் தண்ணீர் இல்லை. துண்டைப் பிரித்ததும் வந்த வாடை, இரத்தமும் அழுகலும் கலந்த அந்த வாடை, ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு விழுவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது.

"டாக்டரம்மா, மொத குட்டியும் இதே மாதிரிதான் செத்துச்சு" என்றார் பாட்டி.

"அது கட்டிக் கிடந்த எடத்துலயா பாட்டி இதையும் கட்டினீங்க?"

"ஆமா. அதே சங்கிலி, அதே தட்டு. நல்லாக் கழுவித்தான் வச்சேன்."

பார்வோவுக்கு வேகமாகப் பிரிந்து பெருகுகிற செல்கள்தான் வேண்டும். குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் முக்கியமாக இரண்டு: எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர். குடலின் உட்சுவர் சில நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. புதிய செல்களை உற்பத்தி செய்யும் அடிக்குழிகளைப் பார்வோ அழித்துவிடுவதால், பழையது உதிர்ந்தபின் மேலே வருவதற்கு ஆள் இல்லை. சுவர் இல்லாத குடலிலிருந்து நீரும் இரத்தமும் வெளியே போகும், குடலில் சும்மா இருந்த பாக்டீரியா இரத்தத்துக்குள் வரும். எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களோ மஜ்ஜை அடிபட்டதால் ஏற்கெனவே குறைந்து போயிருக்கும். இந்த நேரத்தில் நானும் ஆன்டிபயாடிக் போடுகிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அது பார்வோவுக்கு அல்ல, பின்னால் நுழையும் பாக்டீரியாவுக்கு. குட்டியைக் காப்பாற்றுவது டிரிப்பும் வாந்தியை நிறுத்தும் மருந்தும்தான். குடல் மறுபடி வளரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சோப்பு போட்டாலும் சாகாது, வெயிலில் மழையில் கிடந்தாலும் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். பாட்டி தட்டைக் கழுவியது உண்மைதான். கழுவியதைக் குளோராக்ஸ் என்கிற பிளீச்சில் ஊறவைத்திருக்க வேண்டும். ஒரு பங்கு குளோராக்ஸுக்கு முப்பது பங்கு தண்ணீர், குறைந்தது பத்து நிமிடம். அழுக்கை முதலில் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் பலன் இல்லை. மண் தரையை இப்படிச் சுத்தப்படுத்த வழியே இல்லை என்பதால், பார்வோ வந்த வீட்டில் முழுத் தடுப்பூசி போடாத குட்டியைக் கொண்டுவந்து விடாதீர்கள். தடுப்பூசியையும் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்து அடக்கிவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். காசு பிடுங்க அல்ல.

கொழுப்பு உறை இல்லாத கூட்டத்தில் மனிதப் பிள்ளைகளுக்கு வரும் ஒன்றும் இருக்கிறது: தடிக்காக்களில், அதாவது பாலர் பள்ளிகளில், அடிக்கடி பரவும் கை, கால், வாய்ப்புண் நோய். தாய்மார்கள் பையில் சானிடைசர் வைத்துக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். கொழுப்பு உறை உள்ள வைரஸுக்கு அது சரி. இந்த நோயைத் தரும் வைரஸ்களிடம் அதை நம்பி இருக்க முடியாது. குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவி விடுங்கள். சாகாவிட்டாலும் கையை விட்டுப் போய்விடும். மாட்டுக்கு வரும் கோமாரியும் இதுவும் ஒன்றா என்று ஆடு மாடு வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். இல்லை. ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் வேறு வேறு வைரஸ்கள். மாட்டிடமிருந்து உங்கள் பிள்ளைக்கு இது வராது.

இப்போது நாய்க்கடிக்கு வருவோம். ரேபிஸ் இல்லாத நாடு என்று நாம் நிம்மதியாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் நுழைந்து, அங்கே மனித உயிர்களைக் குடித்தது. அதனால் "நம்ம தோட்டத்து நாய்தானே" என்கிற பேச்சை நான் இப்போது ஏற்பதில்லை.

ரேபிஸ் வைரஸ் இரத்தத்தில் ஊர்வதில்லை, நரம்பில் ஏறுகிறது. கடித்த இடத்துத் தசையில் சில நாளோ சில வாரமோ தங்கும். அப்புறம் நரம்பு நுனிக்குள் நுழைந்து, நரம்பு தன் சாமான்களை ஏற்றி இறக்கும் அதே பாதையில் மூளையை நோக்கி மெல்ல நகரும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை வெளியே ஒன்றும் தெரியாது. கடித்த பிறகும் தடுப்பூசி பலன் தருவது இந்த அவகாசத்தால்தான், 1885-இல் லூயி பாஸ்டரின் தடுப்பூசி ஒரு சிறுவனுக்குப் போடப்பட்ட காலத்திலிருந்தே. மூளைக்குப் போனபின் வைரஸ் செய்கிற வேலை இன்னும் பயங்கரமானது. மூளை செல்களை அது பெரிதாகக் கொன்று குவிப்பதில்லை, அவற்றின் நடத்தையை மாற்றுகிறது. அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. எச்சிலில் வைரஸ், தொண்டை இறுகி விழுங்க முடியாததால் வாயில் தேங்கும் எச்சில், யாரைக் கண்டாலும் கடிக்கத் தோன்றும் வெறி. அடுத்த உடம்புக்குப் போக வைரஸுக்கு வேண்டியது மூன்றும் கிடைத்துவிடுகிறது. அறிகுறி தெரிந்தபின் பிழைத்தவர்கள் உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

ரேபிஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். கடி வாங்கினால் உடனே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பது குழாயடியில் நின்று பார்த்தால்தான் தெரியும். முக்கால்வாசிப் பேர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். கழுவியபின் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நாயை அடித்துக் கொன்றுவிடவும் வேண்டாம். கட்டிவைத்துவிட்டுக் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் பத்து நாளுக்குள் அந்த நாய்க்கே நோய் தெரிந்துவிடும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

டெங்கியைப் பற்றி மனித டாக்டர்கள் சொல்வதே போதும், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்புதான். எதிர்ப்பு எல்லை மீறும்போது இரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். அது நடப்பது காய்ச்சல் இறங்குகிற நேரத்தில். "காய்ச்சல் விட்டிருச்சு, பள்ளிக்கூடம் போகட்டும்" என்கிற அந்த நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், தூங்கி விழுவது என்று ஏதாவது இருந்தால் தாமதிக்காதீர்கள்.

எங்கள் பகுதிக்காரர்கள் மறக்கக் கூடாத வைரஸ் நிப்பா. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவைச் சுற்றிய கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில்தான் அது தொடங்கியது. முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் வழக்கமாகப் பிடிப்பது பிள்ளைகளை. இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். பன்றிகள் லாரியில் தெற்கே போக, நோயும் நெகிரி செம்பிலானுக்குப் போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் வைரஸைப் பிரித்தெடுத்தபோதுதான் இது புதியது என்று தெரிந்தது. நோயாளிகள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

பன்றிக்கு அது மூச்சுக்குழாயில் பெருகியது. தூரத்துக்குக் கேட்கிற இருமல், அந்த இருமலோடு வெளியே தெறிக்கும் வைரஸ். பெரும்பாலான பன்றிகள் நோயிலிருந்து பிழைத்துக்கொண்டன. மனிதனுக்கு அதே வைரஸ் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பு செல்களிலும் உள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. மூளையின் சின்னச் சின்னக் குழாய்கள் வீங்கி அடைபட்டன. ஒரே சீட்டுதான், அச்சடித்த இடம்தான் வேறு.

அதைச் சுமந்துவந்த பழந்தின்னி வௌவாலுக்கோ ஒன்றும் ஆவதில்லை. பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழமும் எச்சமும் கொட்டகைக்குள் விழுந்தன. வழி அவ்வளவுதான். வங்காளதேசத்தில் இதே வைரஸ் பச்சைப் பேரீச்சம் பதநீர் வழியாக மனிதர்களிடம் வந்தது, வௌவால் பானையை நக்கியதால். நம் பக்கம் கள் இறக்குகிறவர்களும் பானை வாயைக் கட்டி வைப்பது நல்லது.

நான் போய்வரும் தோட்டங்களில் ஆட்டுப்பட்டியை மாமரத்தடியில்தான் போடுகிறார்கள், நிழல் என்று. அந்தக் காலத்தில் நிப்பா பன்றியோடு நிற்கவில்லை, நாய், ஆடு என்றும் தொற்றியது. இதைச் சொன்னால் உடனே "அப்ப மரத்த வெட்டிரவா? வௌவாலப் பட்டாசு வச்சு விரட்டவா?" என்பார்கள். இரண்டும் வேண்டாம். டுரியான் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் வௌவால்கள்தான். பட்டியைக் கிளைக்கு வெளியே நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லையென்றால் தீனித் தொட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே தகரம் போடுங்கள். காலையில் கீழே கிடக்கும் கடிபட்ட பழத்தை ஆட்டுக்குப் போடாமல், பிள்ளைகளையும் பொறுக்க விடாமல், கையுறை மாட்டி எடுத்துக் குழியில் போட்டு மூடுங்கள்.