கள்ளிக்கு ஸ்பூனில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

இந்த வாரத்தில் என்னிடம் வந்த மூன்றாவது கள்ளித் தொட்டி இது. மேலே வெள்ளை முள்ளோடு அழகாகத்தான் இருக்கிறது; அடியில் விரலை வைத்தால் கூழ். கொண்டுவருகிறவர்கள் சொல்வதும் மாறுவதில்லை: "தினமும் ஒரே ஒரு ஸ்பூன்தாங்க விட்டேன்."

அந்த ஸ்பூன்தான் கொன்றது! கள்ளிக்குக் கொஞ்சமாக ஊற்ற வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. கணக்கு அளவில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. தினம் ஒரு ஸ்பூன் விட்டால் தண்டின் அடி எந்நேரமும் நனைந்தே கிடக்கும். ஆழத்தில் இருக்கும் வேருக்கோ ஒரு சொட்டும் போய்ச் சேராது. ஊற்றினால் அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். அப்புறம் மண் முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். ஒரு குச்சியை அடிவரை செருகி எடுங்கள், ஈரம் ஒட்டியிருந்தால் காத்திருங்கள். குளிர்காலத்தில் இடைவெளி இன்னும் நீளும்.

சரி, உங்களிடம் இருப்பது எது? விரல்நுனி அளவு உருண்டைகள் கொத்தாக இருந்து, வெள்ளை முட்கள் நட்சத்திரம்போல் விரிந்து, தொட்டாலே குட்டிகள் உதிர்ந்தால் மாமில்லேரியா கிராசிலிஸ். வெள்ளைப் பஞ்சுக்குள் கொக்கி முள் ஒளிந்திருந்து சட்டையைப் பிடித்தால் போகசானா. நரைமுடிபோல் நீண்டிருந்து, ஊதா கலந்த சிவப்புப் பூக்கள் உச்சியைச் சுற்றி வளையமாக வந்தால் ஹானியானா. மூன்றுமே மாமில்லேரியா என்ற கள்ளி இனம், மெக்ஸிகோச் செடிகள். உச்சியின் நட்டநடுவில் ஒற்றைப் பூ மாதக்கணக்கில் வாடாமல் நின்றால், அது பசை போட்டு ஒட்டிய காய்ந்த பூ. தட்டைத் தண்டில் வெறும் வெள்ளைப் பொட்டுகளா? கை வைக்காதீர்கள். அது ஒபன்ஷியா என்ற சப்பாத்திக்கள்ளி வகை, ஒவ்வொரு பொட்டிலும் நுண்முள் நூற்றுக்கணக்கில்.

செடியின் மேல் புடைத்திருக்கும் முண்டுகளுக்கு நடுவே தெரியும் பஞ்சைப் பூச்சி என்று சுரண்டிவிட்டும் வருகிறார்கள். அது செடியின் சொந்தப் பஞ்சு. மாவுப்பூச்சி என்றால் திட்டுத்திட்டாகப் பிசுபிசுக்கும். குத்திப் பார்த்தால் உள்ளே பூச்சி இருக்கும். தூரிகையில் ரப்பிங் ஆல்கஹாலைத் தொட்டு, அந்தத் திட்டில் மட்டும் தடவினால் போதும்.

மண்கலவையில் பாதிக்கு மேல் பருமணலோ சிறு கல்லோ இருக்கட்டும். நல்ல வெளிச்சம் வேண்டும், உச்சி ஒல்லியாகக் கூம்பினால் போதவில்லை என்று அர்த்தம். அதற்காக ஒரே நாளில் உச்சிவெயிலில் தள்ளாதீர்கள், வெந்துவிடும்.

இன்று வந்தது கிராசிலிஸ். தாய்ச்செடி போய்விட்டது. அழுகல் ஏறாத ஒன்பது குட்டிகளை உதிர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். ஓரிரு நாள் நிழலில் காயவைத்து, கலவையின்மேல் சும்மா வைத்தாலே வேர்விடும் என்றேன். வாசல்வரை போனவர் திரும்பிக் கேட்டார்: "தண்ணீர் எத்தனை ஸ்பூன்?"