பாஸ்போர்ட்டும் சான்றிதழும் ஒரே கவரில்

பயிற்சியின் முதல் நாளில் ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் நகல்களை வாங்கிச் சரிபார்ப்போம். போன பேட்சில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் கவரில் இருந்ததையெல்லாம் மேசைமேல் கொட்டினான். நடுவில் ஒரு பாஸ்போர்ட். புத்தம் புதுசு, ஒரு முத்திரைகூட விழாதது. "இது எதுக்குப்பா இங்க?" என்றேன். "இருக்கட்டும் சார். இது அமைஞ்சா இது, அது அமைஞ்சா அது" என்றான்.

கடலூர் மாவட்டத்தில் பத்து வருடத்துக்கும் மேலாகத் தொழில்முனைவோர் பயிற்சி வகுப்பு எடுத்து வருகிறேன். "தொழில் கத்துக்கொடுத்தா பிள்ளைங்க வெளிநாடு போகாம ஊரிலேயே இருந்துடுவாங்க இல்ல?" என்று பெற்றோர் கேட்பார்கள், ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் கேட்பார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன். ஊரைவிட்டுப் போனவன் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையில் சுழித்து வைப்பேன். நம் பயிற்சி வீண் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பேனாவை இப்போது தொடுவதில்லை.

முதலில் ஒரு விஷயம். எந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஏசி, பிரிட்ஜ் பழுதுபார்க்க ஒரு மாதம் கற்றுக்கொண்ட பையனுக்கு நெல்லிக்குப்பத்திலும் வேலை உண்டு, துபாயிலும் உண்டு. துபாயில் கொஞ்சம் அதிகமாகவே உண்டு! வெல்டிங், எலக்ட்ரிகல் கதையும் இதுதான். அந்தச் சான்றிதழை நாம் கொடுக்கும்போதே பாதி விசாவைக் கொடுத்தது மாதிரி. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துத் தரம் பிரிக்கவும், பலாச்சுளையில் சிப்ஸ் போடவும் கற்றவர்கள் அப்படிக் கிளம்புவதில்லை. மரம் இங்கே இருக்கிறது, சரக்கு இங்கே இருக்கிறது. ஆனால் அதுவும் சாஸ்வதமில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்குக் காத்திருக்க வருடக்கணக்காகும். அதுவரை வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே.

அடுத்தது, "வெளிநாடு போக ஆசையா?" என்ற கேள்வி. வகுப்பில் இதைக் கேட்டால் முக்கால்வாசிக் கைகள் உயரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உலக அளவில் கேலப் நிறுவனம் நடத்தும் கருத்துக்கணிப்பில் இதை மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார்கள்: வாய்ப்புக் கிடைத்தால் போக ஆசையா, அடுத்த 12 மாதத்துக்குள் போகத் திட்டம் உண்டா, அதற்கு ஏற்பாடு ஏதாவது செய்தாயிற்றா. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகப் போக எண்ணிக்கை சரிந்துகொண்டே வரும். நானும் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். பாஸ்போர்ட் எடுத்தாச்சா, ஏஜென்டைப் பார்த்தாச்சா, அட்வான்ஸ் கொடுத்தாச்சா? அட்வான்ஸ் கொடுத்தவனிடம் ஊர்ப்பாசம் பேசிப் பயனில்லை. அவனுக்குக் கணக்குதான் தேவை.

ஒருமுறை புவனகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். அன்றைய பாடம், போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது. டீக்கடைக் கணக்குக்குப் பதிலாக அவனுடைய சிங்கப்பூர்க் கணக்கையே எழுதச் சொன்னேன். ஏஜென்டுக்கு மூன்றரை லட்சம், அதுவும் மூன்று வட்டிக்கு. ஓ.டி. சேர்த்து மாதம் 42,000 ரூபாய். சாப்பாடு, போன் செலவு 12,000 போனால் வீட்டுக்கு 30,000. முதல் மாத வட்டியே 10,500. மீதிதான் அசலில் கழியும். மாதாமாதம் போட்டுப் பார்த்தான். கடன் தீர 15 மாதம். வேலை பெர்மிட் 2 வருடம். கையில் மிஞ்சுவது கடைசி 9 மாதச் சம்பளம், 2,70,000 ரூபாய். அதை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 11,250.

வகுப்பு அமைதியானது. பின் வரிசையிலிருந்து ஒருவன், "இதுக்கு நான் சிதம்பரத்துலயே டெலிவரி ஓட்டுவேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பலகைக்கு முன்னால் நின்றவன் சிரிக்கவில்லை. "ஓட்டுண்ணே. மாசக் கடைசில கையில நிக்குமா? மாமா வீட்டுக் காதுகுத்து, தங்கச்சி வளைகாப்பு, பைக் டியூ. தூரத்துல இருந்தாதான் காசு நிக்கும்" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. எங்கள் பாடத்தில் மொய்க்கு ஒரு கட்டமே கிடையாது. அவன் போனான். ஆனால் போவதற்கு முன்னால் தாய்மாமனிடம் பாதித் தொகையை வட்டியில்லாமல் புரட்டினான். பயிற்சி அவனைத் தடுக்கவில்லை, போன விதத்தை மாற்றியது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தொழில் கற்றால் பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்களா என்ற கேள்வி கடலூருக்கு மட்டும் உரியதல்ல. 2015 நவம்பரில் மால்டாவின் வாலெட்டா நகரில் ஐரோப்பிய, ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடினார்கள். அங்கே ஆப்பிரிக்காவுக்காக ஒரு அவசர நிதியத்தை ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கியது. வேலையும் தொழில்பயிற்சியும் கிடைத்தால் இளைஞர்கள் கடல் தாண்டி வரமாட்டார்கள் என்பது அதன் எதிர்பார்ப்புகளில் ஒன்று. பொருளாதார அறிஞர் மைக்கேல் கிளெமென்ஸ் பல நாடுகளின் தரவுகளை வைத்துச் சொன்னது வேறு. ஏழை நாட்டில் வருமானம் ஏற ஏற வெளியேறுவோரும் கூடுகிறார்கள். தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலரை எட்டிய பிறகுதான் அது குறையத் தொடங்குகிறது. யோசித்தால் நியாயம்தான். பரம ஏழையிடம் டிக்கெட்டுக்கே காசு இருக்காது. கையில் நாலு காசும் மனதில் கொஞ்சம் தைரியமும் வந்தவன்தான் கிளம்புவான். தைரியம் கொடுப்பதுதானே எங்கள் வகுப்பின் முதல் வேலை!

பெண்கள் விஷயம் தனி. அவர்களுக்கு இடம்பெயர்வு என்றால் பெரும்பாலும் கல்யாணம், இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனி விடுதி. தையல் படிக்க வந்த ஒரு பெண், "மெஷின் வாங்கிட்டா கம்பெனிக்கு அனுப்ப மாட்டாங்க சார், அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். இன்னொருத்தி விடுதிக்குப் போவதற்கே கைத்தொழில் வேண்டும் என்று வந்தாள். இருவரும் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

சரி, இங்கேயே இருப்பேன் என்று முடிவெடுத்தவர்களையும் நாம் துரத்திவிடுகிற இடம் ஒன்று உண்டு. பயிற்சி முடிந்த நாளுக்கும் கடன் கைக்கு வரும் நாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்துப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பெண்களுக்கு 35 சதவீதம் மானியம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மானியத்தைக் கையில் தரமாட்டார்கள். மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடந்து அப்புறம்தான் கடனில் கழியும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால், "ஏமாத்திட்டாங்க" என்று பையன் பாதியில் போய்விடுகிறான். அடுத்தது வங்கி. எங்களிடம் படித்த ஒருவனை ஒரு வங்கிக் கிளையில் ஏழு முறை நடக்கவிட்டார்கள். ஒருமுறை விலைப்புள்ளி பழசு என்றார்கள், ஒருமுறை மேலாளர் மாறிவிட்டார். எட்டாவது முறை அவன் போகவில்லை. ஏஜென்ட் இரண்டே போனில் காரியத்தை முடித்துவிட்டான். மீனவக் குப்பங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளில் கடன் இழுத்தால் பையன் தாங்கமாட்டான். அதனால் தேவனாம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை ஜனவரியிலேயே போடச் சொல்கிறேன்.

போகிறவர்களுக்கென்று இப்போது அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் வகுப்பிலேயே தேடிப் பார்க்கிறோம். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், ரசீது தர வேண்டும். "ரசீது கேட்டா வேற ஆளைப் பார்த்துக்கிடுவான் சார்" என்று உடனே பதில் வரும். வரட்டும், கேட்டுவிட்டாவது கொடுங்கள் என்பேன். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள் என்பதை மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள், மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்டு 2022-இல் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். டேட்டா என்ட்ரிக்குப் பெரிய சம்பளம் என்றால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

போன மாதம் புவனகிரித் தம்பி வாட்ஸ்அப்பில் பேசினான். கடன் தீர்ந்துவிட்டதாம். ஹாலோபிளாக் போடும் இயந்திரம், பழசு, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னான். விசாரித்து அனுப்பினேன். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார், ஊருக்கு வரேன்னு நினைச்சுக்கும்" என்றான். வருவதாக இருக்கிறாயா என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இன்னும் வரவில்லை.