கம்போஸ் விசை: கூட்டி எழுதும் லினக்ஸ்

ரூபாய்க் குறி வேண்டுமென்றால் பலரும் அதை எங்கிருந்தாவது நகலெடுத்துத்தான் ஒட்டுகிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் அந்தச் சிரமமே வேண்டாம். ஏதாவது ஒரு விசையைக் கம்போஸ் விசையாக அமைத்துக்கொண்டு (எப்படி என்பது கீழே), அதைத் தட்டுங்கள், பெரிய ஆர், அப்புறம் சமக்குறி. ₹ வந்துவிடும்.

எழுத்தை அனுப்புவது கீபோர்டு அல்ல. எந்த விசை அழுத்தப்பட்டது என்று ஓர் எண்ணை மட்டுமே அது அனுப்புகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த கீபோர்டு அமைப்பைப் பார்த்து அந்த எண்ணுக்கு எழுத்தைக் கொடுப்பது லினக்ஸ். கம்போஸ் விசைக்கென்று தனி எழுத்து கிடையாது. அதைத் தட்டியதும், அடுத்து வரும் எழுத்துகளை உடனே பதிக்காமல் லினக்ஸ் பிடித்துவைத்துக்கொள்கிறது. பெரிய ஆர் வந்ததும், எந்த எழுத்துகள் சேர்ந்தால் எந்தக் குறி என்று தன்னிடமுள்ள பட்டியலில் தேடுகிறது. ஆரில் தொடங்கும் சேர்க்கைகள் பல இருப்பதால் இன்னும் காத்திருக்கிறது. அடுத்து சின்ன எஸ் வந்தால் ₨, சமக்குறி வந்தால் ₹. பட்டியலில் இல்லாத எதையாவது தட்டினால் சேர்க்கை கலைந்துவிடும், அவ்வளவுதான்.

தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது புதிதே அல்ல. தமிழ்99 முறையில் க, இ என்று அடுத்தடுத்துத் தட்டினால் ‘கி’ வருகிறதே, அதே கூட்டல்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மனப்பாடம் செய்ய வேண்டியது குறைவு என்பதே. சேர்க்கைகள் பெரும்பாலும் குறியின் உருவத்தையே ஒட்டியவை. 1, 2 தட்டினால் ½. கழித்தல் குறியும் ‘பெரிது’ குறியும் சேர்ந்தால் →. சின்ன ஓ இரண்டு முறை தட்டினால் °. டெக் என்ற கணினி நிறுவனம் 1983இல், விடி220 என்ற தன் கணினி முனையத்தின் கீபோர்டில் இந்த விசையைத் தனியாகவே வைத்திருந்தது. இன்றைய கீபோர்டுகளில் அது இல்லாததால், அமைப்புகளுக்குப் போய் வலப்பக்க ஆல்ட்டையோ கேப்ஸ் லாக்கையோ கம்போஸ் ஆக்கிக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட்டைப் போல அழுத்திப் பிடித்திருக்க வேண்டியதில்லை, தட்டிவிட்டால் போதும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் உள்ள யூனிகோடு எண் தெரியுமென்றால் இன்னொரு வழியும் உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு 2192 என்று அடித்து என்டர் தட்டினால் → வரும். ஆனால் இது எல்லா மென்பொருளிலும் வேலை செய்யாது. க்னோம் மேசைத்தளத்தில் பெரும்பாலும் செய்யும்.

சரி, நம் தமிழ் ரூபாய்க் குறியான ௹ வேண்டுமென்றால்? ஹோம் அடைவில் எக்ஸ்கம்போஸ் (.XCompose) என்ற மறைகோப்பை உருவாக்கி, அதற்கென ஒரு சேர்க்கையை நீங்களே ஒரு வரியில் எழுதிவிடலாம். முதல் வரியில் மட்டும் பழைய பட்டியலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ௹ வரும், ½ போய்விடும்.