மூடுபனியைக் கம்பளத்தில் இறக்குவது எப்படி

மலையக ஓவியர்கள் கம்பளத்துக்கென்று தரும் படங்களில் தேயிலை நிரையும் மூடுபனியும் இல்லாதவை குறைவு. கம்பளமாகும்போது முதலில் கெடுவதும் இந்த இரண்டும்தான்.

நிரையைப் பார்ப்போம். ஏ3 தாளில் உள்ள படம் 5 அடிக்கு 7 அடிக் கம்பளமானால் எல்லாம் ஏறத்தாழ 5 மடங்கு பெருகும். 1 மி.மீ. பேனாக்கோடு 5 மி.மீ. ஆகும். துணியில் நூலைக் குத்தி ஏற்றும் கைக்கருவியான டஃப்டிங் கன்னில் அது ஒரேயொரு நூல் வரிசை; இரு பக்கக் குஞ்சமும், அதாவது மேலே நிற்கும் நூலும், சாய்ந்து அதை மூடிவிடும். இரண்டு வரிசையாவது வேண்டும். ஆகவே தாளிலேயே 2 மி.மீ.க்குக் குறைந்த கோடு வேண்டாம். கோடு தடித்தால் நிரையைக் குறைக்க வேண்டும்; இருபது நிரையை ஏழாக்கும் வேலையை ஓவியரே செய்யட்டும். கன் பிடிப்பவரிடம் விட்டால் மலைச்சரிவு வேலி போட்ட மாதிரி வந்து நிற்கும்.

மூடுபனி இன்னும் சிக்கல். நீர்வண்ணம் தாளில் கரையும், கம்பளி நூல் கரையாது. வெள்ளையையும் சாம்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்கட்டுத்தான் தெரியும். அதனால் நான்கு மெல்லிய இழைகளைச் சேர்த்து ஊசியில் கோர்த்துக்கொள்ளுங்கள்: முதலில் நான்கும் வெள்ளை, பிறகு மூன்று வெள்ளை ஒரு சாம்பல், பிறகு இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று, கடைசியில் நான்கும் சாம்பல். இரண்டு நிற நூலில் ஐந்து படி கிடைக்கும். படிகள் சந்திக்கும் விளிம்பை நேராக விடாமல் பல்பல்லாக ஏற்றியிறக்கினால் கண் ஏமாறும்.

நிறத்தை நூற்கண்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். வெட்டிய குஞ்சத்தில் நூலின் நுனிதான் தெரியும், அது கண்டைவிடக் கருமையாக இருக்கும். ஓர் அடிச் சதுர மாதிரி அடித்து, ஜன்னல் வெளிச்சத்திலும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் பாருங்கள். நூலை ஒரே சாயத்தொகுதியில் பத்து வீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள். பிறகு தோய்க்கும் பச்சை முந்திய பச்சையோடு சேராது.

கன் அடிப்பது துணியின் பின்பக்கத்தில். ஆகவே படத்தை இடவலம் மாற்றித்தான் புரொஜெக்டரில் காட்டி வரைய வேண்டும். மலையைத் திருப்பிவிட்டு, ஓவியரின் கையொப்பத்தை மறப்பவர்கள் உண்டு.

கையால் முடிச்சிட்டுத்தான் வேண்டும் என்றால் கணக்கைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு வீதம் 5 அடிக்கு 7 அடிக் கம்பளத்துக்கு 5,04,000 முடிச்சு. ஒருவர் நாளுக்கு 6,000 போட்டாலும் 84 நாள்.

ஓவியத்தை விற்றதாலேயே அதைக் கம்பளமாக்கும் உரிமை வாங்கியவருக்குப் போய்விடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஓவியரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுக்கும் உண்டு. எத்தனை பிரதி, என்ன அளவு என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள்.

கடைசியில், நூலைப் பிடித்து நிறுத்தும் இறப்பர் பால். பின்பக்கம் 1 முதல் 2 மி.மீ. வரை சீராகப் பூசி, காயும்வரை துணியை இழுத்துக் கட்டிய சட்டகத்திலேயே இழுவையாக விட வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் மேல்தோல் காய்ந்தும் உள்ளே ஈரம் நிற்கும். அப்போது கழற்றினால் ஓரம் சுருண்டுவிடும். சுருட்டி அனுப்பினால் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்பு வெப்பம் வேண்டாம். மின்விசிறி போட்டு, இரண்டு மூன்று நாள் பொறுங்கள். குஞ்சம் நெருக்கமாக உள்ள இடத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுங்கள். பிசுக்கென்று ஒட்டினால் இன்னும் ஒரு நாள்.